ஜெம்மாவின் மூக்கு

பஞ்சிகாவத்தையில் பழைய விலைக்கு மூன்று பால் தொட்டி.
ஒன்றின் வயிற்றில் சிரிக்கிற மாட்டு ஸ்டிக்கர்.
சுரண்டிச் சுரண்டிப் பாதி மாடு போனது.
மீதி மாடு இப்போதும்
எங்கள் பியருக்குக் காவல்.

இடம் தேடி முதலில் போனது ஹசனார் ஹாஜியாரிடம்.
தேத்தண்ணி தந்தார், பிஸ்கட் தந்தார்.
"மா அரைக்கிற மெஷின் எண்டா
நாளைக்கே திறப்புத் தாறன், மகள்."
அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.
பிஸ்கட்டை முடித்துவிட்டு எழும்பினோம்.

கடைசியில் கிராண்ட்பாஸில், டயர் ஒட்டிய கராஜ்.
எத்தனை தரம் கழுவியும்
சுவரில் சில்லு வட்டங்கள்.

மதுவரித் திணைக்களத்தின் படிவத்தில் ஒரு கட்டம்:
உற்பத்திச் சாலையின் பரப்பு.
பெனற் காலடியால் அளந்து எழுதினார்.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்:
"இது சாலையோ, குளியலறையோ?"
பதினான்கு மாதம்
அந்தக் கட்டத்துக்குள்ளேயே குடியிருந்தோம்.
என் காப்பு இரண்டும் செட்டியார் தெருவுக்குப் போய்
மோல்ட் மூட்டைகளாகத் திரும்பி வந்தன.

நான் சவர்க்காரக் கொம்பனி ஆய்வுகூடத்தில்
பதினொரு வருஷம் நுரை அளந்தவள்.
நுரைக்கு நான் பயந்ததில்லை.
பயம் மச்சாளுக்குத்தான்.

ஜெம்மா மச்சாள் வாசலுக்கு வெளியே மேசை போட்டாள்.
"கணக்கு மட்டும் பாக்கிறன். உள்ள வரமாட்டன்.
அந்த மணத்தோட பதினெட்டு வருஷம் இருந்தனான்."
மாமாவைப் பற்றி அந்தக் குடும்பத்தில்
அதைவிட நீளமான வசனத்தை நான் கேட்டதில்லை.

முதல் தொட்டி.
மானி சரி என்றது. நாக்கு சரி என்றது.
பெனற் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு
என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார்.
வெளியே பேனை நின்றது.
"என்ன, பட்டர் உருக்கிறீங்களோ?"

மூன்றாம் நாள் எங்களுக்கும் மணத்தது.
கரண்ட் போன அந்த இரவு, சூடேறிய தொட்டி.
முந்நூறு லீற்றர்.
கானில் நுரை போன வழியெல்லாம்
பூனைகள் நின்று யோசித்தன.

இரண்டாம் தொட்டிக்கு அவள் தலை நிமிர்த்தவில்லை.
"ஈரச் சாக்கு," என்றாள்.
குழாய்களைக் கழற்றினேன்.
ஒரு வளைவுக்குள், விரல் நகமளவு பாசி.

அன்று கேட்டேன்: எப்படி மச்சாள்?

ரசீதுகளை அடுக்கியபடி சொன்னாள்:
"படலை திறபட முன்னமே அப்பான்ர மணம் வந்திடும்.
அதுக்குள்ள முடிவெடுக்க வேணும்,
சோறு போடுறதோ,
தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால ஓடுறதோ.
ரெண்டுக்கும் நடுவில நாலைஞ்சு தரம் இருக்கு.
எனக்கு அப்ப ஒன்பது வயசு.
ஒரு நாளும் பிழைச்சதில்லை."

தம்பி வாளி கழுவிக்கொண்டிருந்தார்.
வாளி நிரம்பி, வழிந்து,
வாசல் வரை தண்ணீர் வந்தது.
பைப்பை ஒருவரும் பூட்டவில்லை.

மூன்றாம் தொட்டியில் கித்துள் கருப்பட்டி போட்டோம்.
திறந்தது ஒரு போயா நாள்.
நகரம் முழுக்கத் தவறணை பூட்டு.
ஈஸ்ட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை,
அது தன்பாட்டில் குமிழ் விட்டது.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு
மச்சாள் உள்ளே வந்தாள்.
கோயிலுக்குள் வருவதுபோல் இல்லை,
பல்லுக்காட்ட வருவதுபோல்.
கிளாஸை வாங்கவில்லை. குனிந்தாள்.
கண்ணை மூடவில்லை.
அவள் மூச்சை இழுத்து வைத்திருந்த நேரத்தில்
ஒரு கொள்கலன் லொறி ரோட்டைக் குலுக்கிக்கொண்டு போய் முடிந்தது.

"ம்."

போய்க் கொப்பியில் எழுதினாள்:
3 – விக்கலாம்.

இன்று வரை ஒரு சொட்டும் குடித்ததில்லை.
மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவளும் அவள்தான்.
தன் பெயருக்கு எதிரே இரண்டு வரி வைத்திருக்கிறாள்:
கணக்கு. மூக்கு.

மூக்குக்குத்தான் கூட.